தூரத்துக்கு ஒரு விலை

(கிழக்குத் தாம்பரத்தில் மேசை ஆட்ட ஆர்வலர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் குறுகியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதாபாத்திர ஆட்டத்தில், தூரத்திலிருந்து தாக்குவதற்கு நாம் வகுத்துக்கொள்ளும் ஹவுஸ் ரூல்களைப் பற்றியது. வில், கவண், வளரி, துப்பாக்கி, ராக்கெட் என்று கையை விட்டுப் பறந்துபோய்த் தாக்கும் எல்லாம் இதில் அடங்கும். பொருள் குறுகியது என்றாலும் அதற்குள் நியாயம் பற்றிய பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வந்திருப்பவர்களில் ஆட்டத்தை அறியாத பெற்றோருக்காக ஒரு சுருக்கம். நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையையும் அதன் உலகத்தையும் நடத்துவார். அவரை டிஎம் என்கிறோம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். காரியம் கைகூடுமா என்பது ஐயத்துக்குரியதானால் பகடை உருளும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. இன்று நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆடுவது அதன் ஐந்தாம் பதிப்பு; 2014-இல் வந்தது. அதில் சண்டை தொடங்கிவிட்டால் காலம் சுற்றுகளாகப் பிரியும். ஒரு சுற்று என்பது ஆட்ட உலகத்தில் 6 விநாடி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதிப்பின் விதிநூல்படி நெடுவில்லின் எட்டும் தூரம் இரண்டு எண்களால் குறிக்கப்படுகிறது: 150 அடி, 600 அடி. 150 அடிக்குள் வழக்கம்போல ஒரு பகடை. அதைத் தாண்டி 600 அடி வரை இரண்டு பகடை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். அதற்கப்பால் அம்பு எட்டாது. ஒரு அம்பறாத்தூணியில் 20 அம்புகள். சாதாரண மனிதர் ஒரு சுற்றில் 30 அடி நடப்பார்.

இந்த எண்களைச் சேர்த்துப் பாருங்கள். 600 அடி தூரத்திலிருந்து ஒரு பகைவன் நடந்து வருகிறான். அவன் வில்லாளியை நெருங்க 20 சுற்று ஆகும். சுற்றுக்கு ஓர் அம்பு வீதம் 20 அம்புகள். தூணி காலியாகும் வரை வில்லாளி மேல் ஒரு கீறல் விழாது. பகைவன் முழு மூச்சாக ஓடினாலும் 10 சுற்று, 10 அம்பு. இதற்கிடையில் வாளேந்திய நண்பர் முன்னால் போய் அடிபட்டுக்கொண்டிருப்பார். மேசையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: “டிஎம், நான் பின்னாடியே நின்னு அம்பு விடறேன்.” ஒவ்வொரு சுற்றிலும் அதே வாக்கியம். சொல்பவர் மேல் குற்றமில்லை. நூல் அனுமதிப்பதைத்தான் செய்கிறார். ஆனால் வாள்காரர் சலித்துப்போகிறார், டிஎம் திணறுகிறார், கொஞ்ச நாளில் வில்லாளியும் சலித்துப்போகிறார். முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில் ஆட்டம் இல்லை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூரம் என்பது பாதுகாப்பு. பாதுகாப்பு இலவசமாகக் கிடைத்தால் ஆட்டம் கெடும். தூரத்துக்கு ஒரு விலை வேண்டும். அந்த விலை என்ன என்பதை மேசையில் உள்ள அனைவரும் முதல் பகடை உருளுவதற்கு முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல ஹவுஸ் ரூல் செய்வது இவ்வளவுதான்.

நூலில் இருப்பதை நாம் மாற்றலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். இந்த ஆட்டங்களின் மூதாதை பிரஷ்யப் படை அதிகாரிகள் ஆடிய கிரீக்ஷ்பீல் என்னும் போர் ஆட்டம். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி அதற்கு முறையான நூல் எழுதினார். வரைபடத்தின் மேல் துருப்புக் கட்டைகளை நகர்த்தி, துப்பாக்கிச் சூட்டில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடையாலும் அட்டவணையாலும் கணித்தார்கள். அரை நூற்றாண்டில் அட்டவணைகள் பெருகி ஆட்டம் நகராமல் போனது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, களம் கண்ட நடுவரே தீர்ப்பளிக்கட்டும் என்றார். அட்டவணையா, நடுவரா என்ற வழக்கு அன்றிலிருந்து இன்றுவரை ஓடுகிறது. ஒரு மேசை தனக்கென்று விதி வகுக்கும்போது அந்த வழக்கில் தன் தீர்ப்பைச் சொல்கிறது. அதற்கான உரிமை ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

முதலில் தூரத்தை மனத்தில் பிடிக்க ஒரு அளவு வேண்டும். 150 அடி என்றால் நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பழைய பதிப்புகளில் தூரம் அங்குலத்தில் இருந்தது. நிலவறைக்குள் ஓர் அங்குலம் 10 அடி, வெட்டவெளியில் அதே அங்குலம் 10 கஜம். அதுவும் குழப்பம்தான். நம் ஊரில் எல்லாருக்கும் உடம்பிலேயே பதிந்த அளவு ஒன்று உண்டு. 1931 முதல் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்ரயில் ஓடுகிறது. அதில் ஒரு பெட்டியின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். கூட்டம் இல்லாத பெட்டியைத் தேடி நடைமேடையில் ஓடாதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். ஆகவே என் மேசையில் தூரத்தைப் பெட்டியால் அளக்கிறோம்.

150 அடி என்பது 45 மீட்டர் அளவு, அதாவது இரண்டு பெட்டிக்குச் சற்று மேல். 600 அடி என்பது 180 மீட்டருக்குச் சற்று மேல், அதாவது ஒன்பது பெட்டி. பன்னிரண்டு பெட்டி வண்டியின் முதல் வாசலில் நின்றுகொண்டு, ஒன்பதாவது பெட்டியிலிருந்து இறங்கும் ஒருவரைப் பாருங்கள். சட்டையின் நிறம் தெரியும், முகம் தெரியாது. அவரை அம்பால் அடிப்பது எத்தகைய காரியம் என்று அப்போது விளங்கும். விதி இப்படி: ஒரு பெட்டிக்குள் அருகு, இரண்டு பெட்டி வரை நடு, ஒன்பது வரை தொலைவு, அதற்கப்பால் பார்க்கலாம், தாக்க இயலாது. நடந்தால் ஒரு பெட்டி நீளத்தைக் கடக்க இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் ஆகும். இந்த அளவு வந்த பிறகு மேசையில் தூரத்தைப் பற்றிய சச்சரவு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது, ஏனென்றால் எல்லாரும் ஒரே நடைமேடையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள்.

அளவு கிடைத்துவிட்டது. இனி விலைகள். முதல் விலை காலம்.

முடிச்சூர், அனகாபுத்தூர் வழியாக ஓடும் நம் அடையாறு கடலில் சேருமிடத்தில், 1746-இல் ஒரு போர் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்திருந்த நேரம். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் தன் மகன் மாபுஸ் கானை ஏறத்தாழ 10,000 பேரோடு அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து வந்த பாரடி என்ற அதிகாரியிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 1,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். பாரடியின் படை ஆற்றில் இறங்கிக் கடந்து, ஒருசேரச் சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியோடு முன்னேறியது. பத்து மடங்கு பெரிய படை கலைந்தது. அந்தப் படையெடுப்பைப் பற்றி அந்நாளைய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் ஒரு செய்தி சொல்கிறார். நவாப் தரப்பினர் ஒரு பீரங்கி கால் மணிக்கு ஒருமுறை சுட்டாலே நன்று என்று எண்ணிப் பழகியவர்கள். நிமிடத்துக்குப் பல முறை சுடும் பீரங்கிகளை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரு முறை சுட்டதற்கும் அடுத்த முறை சுடுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்ற ஒரே கேள்வி தென்னிந்திய வரலாற்றின் திசையைத் திருப்பியது.

இப்போது ஆட்ட நூலைப் பாருங்கள். ஐந்தாம் பதிப்பில், 2014-இல் வந்த டிஎம்முக்கான நூலில் மஸ்கட் துப்பாக்கி வருகிறது. அதை ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை சுடலாம். அதாவது நிமிடத்துக்குப் பத்து முறை. அந்த நூற்றாண்டில் நன்கு பயின்ற வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே தேர்ந்தவன். மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து, சுடும் வாயில் துளி மருந்து வைத்து, குறிபார்க்க 20 விநாடி போய்விடும். நூலில் இந்தப் பாடு எங்குமே இல்லை.

எங்கள் விதி எளியது. துப்பாக்கிக்காரர் ஒரு சுற்றில் சுடுவார். அடுத்த இரண்டு சுற்றும் நிரப்புவார். நான்காம் சுற்றில் மீண்டும் சுடுவார். கணக்கிட்டால் 18 விநாடிக்கு ஒரு சூடு வருகிறது, வரலாற்றோடு ஒட்டுகிறது. இதற்கு ஈடாகத் துப்பாக்கியின் சேதத்தை இரட்டிப்பாக்கினோம். நூலில் ஒரு பன்னிரண்டு முகப் பகடை; எங்களிடம் இரண்டு. மூன்று பேரோ அதற்கு மேலோ ஒருசேரச் சுட்டால், எதிரில் நிற்கும் கூட்டம் மன உறுதிக்குப் பகடை உருட்ட வேண்டும். தோற்றால் ஒரு பெட்டி தூரம் பின்வாங்கும். அடையாற்றில் நடந்தது அதுதான்.

இந்த விதியால் மேசையில் ஒரு மாற்றம் வந்தது. நிரப்பும் இரண்டு சுற்றில் துப்பாக்கிக்காரர் நிராயுதபாணி. அவரைக் காக்க ஒருவர் வேண்டும். வாள்காரர் முன்னால் ஓடிப்போவதை விட்டு நண்பரின் பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கினார். இரண்டு தனித்தனி ஆட்டங்களாக இருந்தது ஒரே ஆட்டமாகிவிட்டது. வில்லுக்கு இந்த விதி தேவையில்லை. தேர்ந்த வில்லாளி நிமிடத்துக்குப் பத்து அம்பு வரை விடக்கூடியவர் என்பதால் சுற்றுக்கு ஒன்று என்பது இயல்பான கணக்குதான். வில்லின் விலை வேறு இடத்தில் இருக்கிறது.

இரண்டாம் விலை, இடையில் நிற்பவர்கள்.

பகைவனும் நம் நண்பரும் கைகலந்து கிடக்கிறார்கள். பின்னாலிருந்து அம்பு விடலாமா? இந்த ஆட்டத்தின் ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது. 1979-இல் வந்த நடத்துநர் நூலில், கைகலப்புக்குள் விட்ட அம்பு யார் மேல் படும் என்பதையே பகடைதான் முடிவு செய்தது. நண்பர் மேலும் படலாம். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் நண்பருக்கு ஆபத்து நீங்கியது. அதற்குப் பதில் வில்லாளி உருட்டிய எண்ணில் 4 குறைந்தது. 2014-இல் இடையில் நிற்பவர் பகைவனுக்குப் பாதி மறைவு தருகிறார். பகைவனின் தற்காப்பு எண், அதாவது அவனைத் தாக்கப் பகடையால் எட்ட வேண்டிய எண், 2 கூடுகிறது. விலை படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்திருப்பதைக் கவனியுங்கள்.

நம் இலக்கியத்தில் இந்தச் சிக்கல் மிகப் பழையது. ஆநிரை கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை. இரண்டிலும் வில்தான் முதன்மை. ஆனால் கரந்தை வீரனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவன் மீட்க வந்த பசுக்களே அவனுக்கும் பகைவனுக்கும் நடுவில் மிரண்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வோர் அம்பும் தன் ஊரின் செல்வத்தின் மேல் பாயக்கூடும். தவிர்க்கவும் முடியாது, தயங்கவும் முடியாது. மேசையில் ஒரு கரந்தைக் கதையை ஆடிப் பாருங்கள், தூரத்துப் போரின் முழு அழுத்தமும் விளங்கிவிடும்.

எங்கள் விதி வில்லாளிக்கு இரண்டு வழி தருகிறது. பகடையைத் தொடும் முன் அவர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “காத்திருக்கிறேன்” என்றால் சுற்றின் கடைசியில், இடைவெளி கிடைக்கும் நேரத்தில், மறைவின் 2 இல்லாமல் விடலாம். அதற்குள் நண்பர் அடிபடக்கூடும். “இப்போதே விடுகிறேன்” என்றால் உடனே உருட்டலாம். இலக்கை 1 அல்லது 2 எண்ணில் தவறவிட்டால், அதாவது அந்த மறைவினால் மட்டுமே தவறினால், அம்பு இடையில் நின்றவரை நோக்கிப் போகிறது. அதே எண் அவருடைய தற்காப்பை வெல்கிறதா என்று பார்ப்போம். இதன் வேர் 2014-இன் டிஎம் நூலிலேயே, விரும்பினால் ஏற்கலாம் என்ற பகுதியில் இருக்கிறது. நாங்கள் சேர்த்தது தேர்வை மட்டும்தான். முன்னால் நிற்கும் நண்பரிடம் வில்லாளி திரும்பிக் கேட்கிறார்: “விடட்டுமா?” அவர் சொல்கிறார்: “விடு, பாத்துக்கலாம்.” அந்த ஒரு பரிமாற்றம் எத்தனை பக்கக் கதைக்குச் சமம்!

மூன்றாம் விலை கண். கண்ணுக்குத் தெரியாததைத் தாக்க முடியாது.

டிஎம்கள் பலர் எல்லாச் சண்டையையும் வெட்டவெளியிலேயே நடத்துகிறார்கள். தரை தட்டை, தடை இல்லை. வில்லாளிக்கு அது சொர்க்கம். நம் பகுதியின் இயற்கை அப்படியா? 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தபோது அது குடியேறியது ஒரு புதர்க்காட்டில். இன்றும் அந்த வளாகத்தில் சூரையும் காரையும் அடர்ந்த இடங்கள் இருக்கின்றன, புள்ளிமான்கள் திரிகின்றன. அந்தக் காட்டில் மான் ஒரு பெட்டி தூரத்தில் நின்றாலும் அசைந்தால்தான் தெரியும். நன்மங்கலம் காட்டில், வண்டலூர் மலைச் சரிவில் நடந்து பாருங்கள். 600 அடி எட்டும் வில்லுக்கு அங்கே 60 அடிக்கு மேல் வேலையில்லை.

1974-இன் முதல் நூலில் இதற்கு வழி இருந்தது. எதிரி முதலில் எவ்வளவு தூரத்தில் கண்ணில் படுகிறான் என்பதற்கே பகடை உருட்டினார்கள். நிலவறையில் 20 முதல் 80 அடி, வெளியில் 40 முதல் 240 கஜம். அந்த நல்ல பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம். புதர்க்காட்டில் இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டிப் பத்தால் பெருக்கினால் அடிக்கணக்கு. ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் அதே பகடையைப் பெட்டிக்கணக்காக எடுத்துக்கொள்கிறோம். இரவானால் பாதி.

மறைவுக்கும் இங்கேயே விதி சொல்லிவிடுகிறேன். 1759 பிப்ரவரியில், லாலியின் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, கையோ என்ற ஆங்கிலத் தளபதியும், நாம் மருதநாயகம் என்று அறியும் யூசுப் கானும் பரங்கிமலை அடிவாரத்தில் பிரெஞ்சுப் படையை எதிர்கொண்டார்கள். தோட்ட வீடுகளும் மதில்களும் நிறைந்த இடம் அது. அத்தகைய இடத்தில் மதில் ஒவ்வொன்றும் ஒரு கோட்டை. நூல்படி பாதி மறைவுக்குத் தற்காப்பு 2 கூடும், முக்கால் மறைவுக்கு 5. நாங்கள் சேர்த்த விதி: மறைவிலிருந்து தலையை நீட்டித் தாக்கியவர், தன் அடுத்த முறை வரும்வரை முக்கால் மறைவிலிருந்து பாதி மறைவுக்கு இறங்கிவிடுவார். அடிக்க வேண்டுமானால் அடிபடத் தயாராக இருக்க வேண்டும். தாக்காமல் குனிந்தே இருந்தால் முழுப் பயனும் உண்டு.

நான்காம் விலை கணக்கு. அம்புக்கும் குண்டுக்கும் கணக்கு வைக்க எல்லாருக்கும் சலிப்பு. ஆகவே பெரும்பாலான மேசைகளில் அம்பு தீர்வதே இல்லை. சலிப்பை நீக்கக் கணக்கை நீக்க வேண்டியதில்லை, கணக்கைக் கைக்குக் கொண்டுவந்தால் போதும். ஒவ்வொரு வில்லாளிக்கும் 20 புளியங்கொட்டை தருகிறோம். அம்பு விட்டால் ஒரு கொட்டை மேசை நடுவில் உள்ள கிண்ணத்தில் விழ வேண்டும். சண்டை முடிந்து ஒரு நிமிடம் தேடினால் விட்டதில் பாதி திரும்பக் கிடைக்கும் என்பது நூலின் விதி; கிண்ணத்திலிருந்து பாதியை எண்ணி எடுத்துக்கொள்வார்கள். கடைசி மூன்று கொட்டைகள் உள்ளங்கையில் இருக்கும்போது வில்லாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும்! எழுதவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். இதையும் விரும்பாதவர்கள் 2016-இல் வந்த தி பிளாக் ஹாக் என்ற ஆட்டத்தின் முறையைப் பின்பற்றலாம். அம்புத் தொகுதிக்கு ஒரு பகடை; பயன்படுத்திய பின் உருட்டி 1 அல்லது 2 விழுந்தால் அதைவிடச் சிறிய பகடைக்கு இறங்க வேண்டும்; நான்கு முகப் பகடையிலும் அப்படி விழுந்தால் தீர்ந்தது.

எறிபடைகளுக்குள்ளும் வேறுபாடு காட்ட வேண்டும். கவணுக்குக் கணக்கே வேண்டாம். கல் எங்கும் கிடைக்கும். பரண் மேல் நின்று கிளி விரட்டும் பெண்ணின் ஆயுதம் அது. தூரமும் சேதமும் குறைவு, ஆனால் ஒருநாளும் தீராது. வளரி என்னும் எறிதடி நேரெதிர். சிவகங்கைச் சீமையின் பெருமை அது. சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றதாக ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையால் 100 கஜத்துக்குள் குறி தவறாமல் எறியலாம் என்கிறார். 100 கஜம் என்றால் நான்கரைப் பெட்டி. ஐந்தாம் பதிப்பில் எறியீட்டி 120 அடியோடு நின்றுவிடுகிறது. வளரியோ 300 அடி போகிறது. ஆகவே வளரிக்கு 100 அடி, 300 அடி என்று எங்கள் நூலில் எழுதிக்கொண்டோம். அதன் விலை என்னவென்றால் கையில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எறிந்துவிட்டால் போய் எடுக்க வேண்டும், அந்த நடையில் பகைவனின் எல்லைக்குள் நுழைய வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் கட்டுப்பாடுகள். கட்டுப்பாடு மட்டுமே விதித்தால் வில்லாளி ஆட வரமாட்டார். விலை கொடுத்தவருக்குப் பொருள் கிடைக்க வேண்டும். அதற்காக இரண்டு விதிகள்.

ஒன்று, ஓரி விதி. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வேட்டையை வன்பரணர் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று ஊடுருவி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் தைக்கிறது. எங்கள் மேசையில் வில்லாளிக்கு இருபது முகப் பகடையில் இயல்பாகவே 20 விழுந்தால் ஓரி விதி பிறக்கிறது. இலக்கு வீழ்ந்த பிறகு மிஞ்சும் சேதம் நேர்கோட்டில் அதற்குப் பின்னால் நிற்பவர் மேல் பாயும். அவரும் வீழ்ந்தால் அடுத்தவர். சேதம் தீரும் வரை, ஐந்து பேர் வரை. இருபதில் ஒருமுறை வரும் வாய்ப்பு இது. அது வரும்போது வாள்காரர்களும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

மற்றொன்று, ராக்கெட் விதி. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலக் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்கள். பெய்லியோடு சேர வேண்டிய ஆங்கிலத் தளபதி மன்றோவின் படை நம் பரங்கிமலையில் திரண்டு புறப்பட்டதுதான். மைசூர்ப் படையிடம் இரும்புக் குழாயில் மருந்தடைத்து மூங்கிலில் கட்டிய ராக்கெட்டுகள் இருந்தன. அந்தப் போரில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ராக்கெட் துப்பாக்கிக் குண்டைவிட வெகுதூரம் போகும், ஆனால் எங்கே போகும் என்று உறுதியில்லை. எங்கள் விதியில் ராக்கெட்டுக்குத் தொலைவுத் தண்டனை கிடையாது. தவறினால் மட்டும் எட்டு முகப் பகடையை உருட்ட வேண்டும். 1 கிழக்கு, 2 தென்கிழக்கு என்று எட்டுத் திசையில் ஒன்றில், ஓர் ஆறுமுகப் பகடை காட்டும் எண்ணுக்குப் பத்து அடி வீதம் தள்ளி விழும். அங்கே யார் நிற்கிறார்களோ அவர்கள் பாடு. ராக்கெட்காரர் வானத்தைப் பார்க்கிறார், மேசையே வானத்தைப் பார்க்கிறது.

எண்களை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். மாற்றக்கூடாதது ஒன்று, இவற்றை ஒப்புக்கொள்ளும் முறை. உரையின் முக்கியப் பகுதி இதுதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

புறநானூற்றின் 9-ஆம் பாட்டில் நெட்டிமையார் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் அறப்போர் முறையைப் பாடுகிறார். அம்பு விடுவதற்கு முன் அறிவிப்பு வருகிறது. பசுக்களும், பார்ப்பனரும், பெண்களும், நோயுற்றோரும், பிள்ளைப் பேறு வாய்க்காதவரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், எங்கள் அம்புகள் வரப்போகின்றன என்ற அறிவிப்பு. இதைப் பெரும்பாலும் கருணைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். நான் இன்னொன்றையும் காண்கிறேன். விதி முதல் அம்புக்கு முன்பே சொல்லப்படுகிறது. வலிமை உள்ளவனே அதைச் சொல்கிறான். சொன்ன பிறகு அவனும் அதற்குக் கட்டுப்படுகிறான். மேசையில் வலிமை உள்ளவர் டிஎம். ஆகவே விதியை முதலில் சொல்லும் கடமையும், அதற்குத் தன் அரக்கர்களையும் கட்டுப்படுத்தும் கடமையும் அவருக்கு உண்டு.

நம் தெருக்களில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்கள் இதை நன்றாக அறிவார்கள். எதிர்வீட்டு மொட்டை மாடியில் பந்து விழுந்தால் அவுட், சுவரில் பட்டு ஒரு கையால் பிடித்தால் அவுட் என்று முதல் பந்துக்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள். பந்து மாடிக்குப் போன பிறகு விதி பேச வந்தால் அங்கே ஆட்டம் இருக்காது, சண்டைதான் இருக்கும்.

இதிலிருந்து நான்கு நெறிகளை எடுக்கிறேன். முதலாவது, ஆட்டத்துக்கு முன்பு ஒரு தாளில் எழுதி அனைவரும் கேட்க வாசிக்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. இரண்டாவது, வீரர்களுக்குப் பொருந்தும் விதி பகைவர்களுக்கும் பொருந்த வேண்டும். கொள்ளைக்காரனின் துப்பாக்கிக்கும் இரண்டு சுற்று நிரப்பும் நேரம் உண்டு. மூன்றாவது, சண்டை நடுவில் விதியை மாற்றக்கூடாது. எதிர்பாராத நிலை வந்தால் டிஎம் அந்த நேரத்துக்கு ஒரு தீர்ப்பு சொல்லட்டும், ஆட்டம் நகரட்டும். அது நிரந்தர விதியாக வேண்டுமா என்பதை ஆட்டம் முடிந்தபின் பேசலாம். நான்காவது, விதியால் இழப்பவரிடம் முதலில் கேட்க வேண்டும். வில்லாளியின் ஒப்புதல் இல்லாமல் வில்லுக்கு விலை வைக்காதீர்கள். தன் பாத்திரத்தை வேறு விதியை நம்பி வளர்த்தவர் அவர். விதி மாறினால் பாத்திரத்தைத் திருத்திக்கொள்ள அவருக்கு உரிமை கொடுங்கள்.

பெற்றோர் ஒன்று கேட்கலாம்: பொழுதுபோக்குக்கு இவ்வளவு அக்கறை தேவையா? தேவை என்று உறுதியாகச் சொல்வேன். தூரத்திலிருந்து அடிப்பது எளிது. அடிபடுபவரின் முகம் தெரியாது, இடையில் நிற்பவர் கண்ணில் படமாட்டார், திருப்பி அடி விழாது. இன்று நம் பிள்ளைகள் வாழும் உலகத்தில் கைபேசியிலிருந்து சொல்லையும் கல்லைப் போல எறியலாம். அப்படிப்பட்ட உலகத்தில், அம்பை விடுமுன் “இடையில் யார் நிற்கிறார்கள்?” என்று கேட்கப் பழகும் ஒரு மேசை இருக்கிறது. நிரப்பும் நண்பருக்குக் காவல் நிற்கப் பழகும் மேசை, தனக்குப் பாதகமான விதியையும் பேசி ஒப்புக்கொண்டபின் முறுமுறுக்காமல் ஏற்கப் பழகும் மேசை. பதினைந்து வயதில் இதைப் பழகுபவர்கள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு.

ஆட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அமர்வுக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலம், இடையில் நிற்பவர், கண், கணக்கு என்று நான்கு தலைப்பு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் கீழும் உங்கள் மேசைக்குப் பொருந்தும் ஒரே ஒரு விதியைப் பேசி முடிவு செய்யுங்கள். வில்லாளிக்கு மகிழ்ச்சி தரும் ஒரு விதியை ஐந்தாவதாகச் சேருங்கள். ஐந்தையும் சில அமர்வுகள் ஆடிப் பாருங்கள். உதவாததைத் தள்ளுங்கள், உதவியதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் கீழே எல்லாரும் கையெழுத்திடுங்கள், டிஎம் முதலில் இடட்டும்.